கிணறு திறந்திருக்கிறது

வடக்குப் புதுத்தெருவில் யார் என்ன சொன்னாலும் அது முதலில் ஊர்வாய் நிறுவனத்துக்குப் போகும். பிறகு, நிறுவனத்துக்குத் தோன்றினால், பக்கத்தில் நிற்பவருக்கு வரும். பேசுகிறவரின் உதடு அசையும். சத்தம் அங்கே இருக்காது. வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருக்கும் கூம்பிலிருந்து, நிறுவனத்துக்குச் சௌகரியப்பட்ட நேரத்தில்தான் சத்தம் வரும்.

கூம்பை ஒரு தீபாவளிக்கு இலவசமாக மாட்டினார்கள். தெருவில் சண்டை சச்சரவு குறையும், தூரத்துச் சொந்தமெல்லாம் கிட்டே வரும் என்றார்கள். சம்மதமா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். இலவசம் என்று சொல்லிவிட்டால் ஏன் எதற்கு என்று விசாரிக்கிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. எல்லோரும் "சரி" என்றார்கள். தெரு தன் காதால் நேரடியாகக் கேட்ட கடைசிச் சொல் அதுதான்.

மாவு மில் நடத்தும் ஆவுடைத்தாய்க்கு இது பழகிவிட்டிருந்தது. அவள் கணவர் கோமதிநாயகம் சாப்பிட உட்கார்ந்து "உப்பு கம்மி" என்று உதட்டை அசைப்பார். அது அடுத்த வாரம், உப்பு கூடிப்போன ஒரு ரசத்தின்போது கூம்பிலிருந்து வரும். அதற்கு முன்னால் இலவம்பஞ்சுத் தலையணைக்கு ஒரு விளம்பரம் வரும். அவள் விளம்பரத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுந்துபோய் உப்பை எடுத்துவந்து வைப்பாள். குடும்பம் என்றால் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

கோமதிநாயகம் நூல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளியே போகும்போது கழுத்தில் ஒரு சின்னக் கூம்பைத் தொங்கவிட்டுக்கொள்வார். அது எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். அவர் காதை அதில் சாய்த்து, கண்ணை ஆகாயத்தில் வைத்து நடப்பார். தரையைப் பார்த்து நடக்கிற பழக்கம் அவரை விட்டுப் போய் வெகுநாள் ஆயிற்று. சாயங்காலம் ஆனால் அப்படியே பள்ளிக்கூடச் சந்து வழியாக டீக்கடைக்குப் போவார்.

அந்தச் சந்தின் நடுவில் பழைய கிணறு ஒன்று இருந்தது. தரையோடு தரையாகச் சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். அதன் மேல்தான் எல்லோரும் நடந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தண்ணீர் லாரி ஏறிப் பலகை உடைந்துபோனது. ஓர் ஆள் நின்ற வாக்கில் உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

ஆவுடைத்தாய் குனிந்து பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டாள். கல் தண்ணீரில் விழுந்த சத்தம் வருவதற்குள் அவள் வீட்டுக்கு வந்து, காலைக் கழுவி, துடைத்தும் விட்டாள். அவ்வளவு ஆழம்.

கூம்புக்கு நேராக நின்று சொன்னாள். "பள்ளிக்கூடச் சந்துல கெணத்து மூடி ஒடைஞ்சு கெடக்கு. கெணறு தொறந்திருக்கு. யாரும் அந்தப் பக்கம் போயிராதீங்க."

கூம்பு உடனே பதில் சொன்னது. "உங்கள் வாக்கியம் நீக்கப்பட்டது. அது எங்கள் நெறிமுறைகளுக்கு எதிரானது. ஒரு மாதத்துக்கு உங்கள் பேச்சு நிறுத்தி வைக்கப்படுகிறது. இந்த அனுபவம் உங்களுக்கு எப்படி இருந்தது? நட்சத்திரம் கொடுங்கள்." பிறகு தலையணை விளம்பரம் வந்தது.

அவள் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சந்துப் பக்கம் கையைக் காட்டினாள். விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். பக்கோடா வாங்கிவரச் சொல்கிறாள் என்று அவர் தலையாட்டிக்கொண்டார். அவள் மில்லிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுபோய் ஓட்டையின் மேல் வைத்தாள். நல்ல முக்காலி கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

அந்த நேரத்தில் தெருவில் இருந்த எல்லாக் கூம்புகளும் ஒன்றாகப் பேசின. விளம்பரம்கூட இல்லை. பக்கத்து வீட்டு ஞானப்பழம் அண்ணாச்சியின் குரல்.

"இன்னைக்கிச் சாயங்காலம் பள்ளிக்கூடச் சந்துல ஆகாயத்துல இருந்து என்னமோ விழப்போகுது. எல்லாரும் மேல பாத்துக்கிட்டே வாங்க."

ஞானப்பழம் அண்ணாச்சிக்கு யார் மேலும் பகை கிடையாது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் இப்படி ஏதாவது சொல்லிவைப்பார். கூம்பு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கூடியது. கோமதிநாயகம் வாயைப் பிளந்தபடி கேட்டுவிட்டு, சாயங்காலத்துக்கென்று சலவைச் சட்டையை எடுத்து வைத்தார்.

ஆவுடைத்தாய் நிறுவனத்துக்குக் கிளம்பினாள்.

நிறுவனம் கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. வாசலில் ஒரு காவலாளி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள நேராவே பேசலாம்மா" என்றார்.

அவர் உதடு அசைந்ததும் சத்தமும் அங்கேயே வந்தது. ஆவுடைத்தாய் திடுக்கிட்டாள்.

"இங்க கூம்பு இல்லையா?"

"நிறுவனத்து ஆளுக வச்சுக்கிட மாட்டாங்க. பிள்ளைகளுக்கும் வாங்கிக் குடுக்க மாட்டாங்க. காதுக்குக் கெடுதலாம்."

உள்ளே ஒரு நீண்ட நடை. இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள். அவள் எப்போதோ மனதுக்குள் ஆசைப்பட்ட பொருள்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. மூட்டுவலித் தைலம் இருந்தது. நீலக் கரை போட்ட சேலை இருந்தது. யாரிடமும் சொல்லாத ஒரு மூக்குத்திகூட இருந்தது. பார்க்காமல் நடந்தால் நடை நீண்டது. நின்று பார்த்தால் சுருங்கியது. அவசரத்தில் இருந்தவள் வேறு வழியில்லாமல் ஒரு கிரைண்டரின் முன்னால் நின்று, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கதவு பக்கத்தில் வந்தது.

முதல் அறையில் ஓர் இளைஞர் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். ஊரார் சொல்லும் வாக்கியங்கள் ஒரு குழாய் வழியாக அவர் தட்டில் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் நாக்கில் வைத்துப் பார்த்தார். சிலவற்றை இன்னொரு குழாய்க்குள் தள்ளினார். சிலவற்றை வாளியில் துப்பினார். வாளி நிரம்பி வழிந்தது. ஊர்க்காரர்களின் வசவை நாளெல்லாம் தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? கண் உள்ளே போய், உதடு வெளுத்திருந்தது. கோபத்தோடு வந்தவளுக்கு அவரைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

"சாப்டீங்களா தம்பி?"

"சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்."

"காலையில நான் சொன்னதத் துப்புனது நீங்கதானா?"

"என்ன சொன்னீர்கள்?"

அவள் மறுபடியும் சொன்னாள். அவர் அதை நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது.

"இதில் 'ஒடைஞ்சு' கசக்கிறது. 'போயிராதீங்க' காரம். மொத்தத்தில் பயத்தின் வாடை அடிக்கிறது."

"அதுக்கு அர்த்தம் பாக்க மாட்டீகளா?"

"எனக்குத் தமிழ் தெரியாது அம்மா" என்று அவர் நல்ல தமிழில் சொன்னார். "ருசி மட்டும்தான் தெரியும்."

"அர்த்தம் பாக்க ஒரு ஆளு இருக்க வேண்டாமா?"

"ஒருவர் இருந்தார். செலவு அதிகம் என்று அனுப்பிவிட்டார்கள்."

"ஞானப்பழம் அண்ணாச்சி சொன்ன பொய்ய மட்டும் எப்படி விட்டீங்க?"

இளைஞரின் முகம் முதன்முறையாகத் தெளிந்தது. "அது நல்ல இனிப்பு. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்" என்றார்.

அவர் கரண்டியால் அடுத்த அறையைக் காட்டினார். மேல்முறையீட்டு அதிகாரி அங்கே இருந்தார். அரிசி மண்டியில் தொங்குமே, அதுபோன்ற பெரிய தராசின் ஒரு தட்டில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்த்தட்டில் அவர் எடைக்கு ஒரு கல். தட்டு ஆடிவிடக் கூடாது என்று மூச்சை அளந்து விட்டார்.

"சொல்லுங்கம்மா. உங்க பக்கம் நியாயம் இருக்கு. எதிர்ப்பக்கமும் இருக்கு."

"கெணத்துக்கு என்னய்யா எதிர்ப்பக்கம்?"

"திறந்திருக்குன்னு நீங்க சொல்றீங்க. மூடியிருக்குன்னு சொல்ல ஒருத்தரத் தேடிக்கிட்டிருக்கோம். கிடைச்சதும் ரெண்டையும் ஒண்ணா விட்டுருவோம். ஜனங்க முடிவு பண்ணட்டும்."

"ஜனங்க முடிவு பண்ணுனா ஓட்டை அடைஞ்சிருமா?"

"அது எங்க துறை இல்லம்மா."

"எங்க வீட்டுக்காரர் சாயங்காலம் அந்த வழியாத்தான் வருவாரு. ஆகாயத்தப் பாத்துக்கிட்டு வருவாரு. உள்ள விழுந்துட்டா என்ன செய்ய?"

அதிகாரி உண்மையாகவே யோசித்தார். தட்டுகூட லேசாக ஆடியது.

"விழுந்துட்டாருன்னா அது செய்தி. உடனே விட்டுரலாம். விழுறதுக்கு முன்னால அது வெறும் கருத்துதான்" என்றார்.

ஆவுடைத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தைந்து கிலோ கோதுமை மூட்டையைத் தினமும் தூக்குகிற கை அது. எதிர்த்தட்டுக் கல்லைப் புரட்டிக் கீழே தள்ளினாள். அதிகாரி தட்டோடு தரையில் வந்து விழுந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எத்தனையோ வருஷமாச்சும்மா தரையத் தொட்டு" என்றார். "உங்க முறையீட்டப் பரிசீலனைக்கு எடுத்துக்கிடுதேன்."

"எப்ப முடியும்?"

"முடிஞ்சதும் சொல்வோம்."

திரும்பி வரும்போது நடை நீண்டுகொண்டே போனது. அவள் சேலையையும் பார்க்கவில்லை, மூக்குத்தியையும் பார்க்கவில்லை. ஓடினாள். வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லோரும் சந்தில் இருந்தார்கள். எல்லோருடைய மோவாயும் ஆகாயத்தைப் பார்த்திருந்தது. கூட்டம் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. சலவைச் சட்டை போட்டு, பக்கோடாப் பொட்டலத்தைக் கையில் பிடித்து, எல்லோருக்கும் முதலில் கோமதிநாயகம் வந்துகொண்டிருந்தார்.

ஆவுடைத்தாய் தொண்டை கிழியக் கத்தினாள். உதடு மட்டும் அசைந்தது. அவர் முன்னால் போய்க் கையை ஆட்டினாள். அவர் ஒரு பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. அவள் ஓட்டையின் மேல் குப்புறப் படுத்தாள். கால் ஒரு விளிம்பில், கை மறு விளிம்பில். அடிவயிற்றுக்குக் கீழே குளிர்ந்த காற்று வந்தது.

கோமதிநாயகத்தின் கால் அவள் முதுகில் ஏறியது. அவர் நின்றார். ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. சொன்னது நிறுவனத்துக்கு இனித்திருக்க வேண்டும். விளம்பரம்கூட இல்லாமல் எல்லாக் கூம்பிலிருந்தும் உடனே வந்தது.

"அட, தரை மெத்துனு இருக்கே!"

அதன் பிறகு எல்லோரும் மெத்தென்ற தரையை மிதிக்க வந்தார்கள். வரிசையில் நின்று மிதித்தார்கள். சிலர் மிதித்துவிட்டுத் திரும்பவும் வரிசையில் போய் நின்றார்கள். யாரும் கீழே பார்க்கவில்லை. ஞானப்பழம் அண்ணாச்சி கனத்த உடம்புக்காரர். அவர் ஏறி நின்றபோது ஆவுடைத்தாய்க்கு உயிர் போய் வந்தது. அந்த வலியில், அந்த ஆத்திரத்தில், அவளையும் அறியாமல் நாக்கு சுழன்றது. குலவை வந்துவிட்டது.

குலவையில் சொல் கிடையாது. நிறுவனத்தின் குழாய் சொல்லைத்தான் இழுக்கும். அதனால் குலவை அவள் வாயிலிருந்து புறப்பட்டு நேராகப் போய் எல்லோர் காதிலும் விழுந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண் குலவையிட்டால் மற்றப் பெண்களின் நாக்கு சும்மா இருக்காது. சந்தில் இருந்த அத்தனை பெண்களும் குலவையிட்டார்கள். அத்தனை பேரும் கீழே பார்த்தார்கள்.

பிழைத்தோம் என்று நினைத்தாள் ஆவுடைத்தாய். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. குலவை கேட்டால் சாமி வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். எத்தனை கோயில் கொடைத் திருவிழாவில் அவளே அப்படிக் குலவையிட்டிருக்கிறாள்!

மஞ்சள் தண்ணீர் வந்தது. குடம் குடமாக அவள் மேல் ஊற்றினார்கள். முகத்தில் மஞ்சளை அப்பினார்கள். வேப்பிலை வந்தது. யாரோ மாலை போட்டார்கள். ஆகாயத்திலிருந்து விழப்போவது இதுதான் என்று தான் முதலிலேயே சொன்னதாக ஞானப்பழம் அண்ணாச்சியின் கூம்பு சொன்னது. மெத்தென்று இருந்ததால் மெத்தையம்மன் என்று பெயரும் வைத்தார்கள். பொங்கல் பானை பொங்குவதற்குள் நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் வந்து, குங்குமத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல வில்லையை ஒட்டினார். சரிபார்க்கப்பட்ட அம்மன் என்று அதற்கு அர்த்தம். வில்லை ஒட்டிய பிறகு அவளை ஆவுடைத்தாயாகப் பார்க்க யாராலும் முடியவில்லை.

வரிசையாக வந்து வாக்குக் கேட்டார்கள். மகளுக்கு வரன் எப்போது அமையும் என்றார்கள். வெளிநாட்டு வேலை கிடைக்குமா என்றார்கள். அம்மன் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

கோமதிநாயகமும் வந்தார். பக்கோடாப் பொட்டலத்தை இன்னும் கையில் வைத்திருந்தார். உதடு வெகுநேரம் அசைந்தது. கூம்பில் முதலில் தலையணை விளம்பரம் வந்தது. அதன் பிறகுதான் அவர் குரல் வந்தது.

"தாயே, எம் பொஞ்சாதி ஆவுடையக் காணோம். காலையில சட்டையப் பிடிச்சு இழுத்து என்னமோ சொன்னா. நான் பக்கோடான்னு நெனச்சிட்டேன். வாங்கி வச்சிருக்கேன். ஆறுது. அவ எங்க இருந்தாலும் வீட்டுக்கு வரச் சொல்லு."

அவள் அழுதாள். அவர் பாதத்தைத் தொட ஒரு கையை எடுத்தாள். உடம்பு ஓட்டைக்குள் சரிந்தது. சட்டென்று கையைத் திரும்ப விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். அம்மன் கண்ணில் நீர் வருகிறது என்று கூம்புகள் கூவின. வெளியூரிலிருந்து வேன் போட்டு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூம்புகள் எல்லாம் விளம்பரத்தைப் பாதியில் நிறுத்தின. பிறகு நிறுவனத்தின் குரல் வந்தது. "மறுபரிசீலனைக்குப் பின் கீழ்க்காணும் வாக்கியம் திரும்ப விடப்படுகிறது. அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்." அடுத்து ஆவுடைத்தாயின் குரல்.

"பள்ளிக்கூடச் சந்துல கெணத்து மூடி ஒடைஞ்சு கெடக்கு. கெணறு தொறந்திருக்கு. யாரும் அந்தப் பக்கம் போயிராதீங்க."

கோமதிநாயகம் துள்ளி எழுந்தார். கழுத்துக் கூம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இது எங்க ஆவுட கொரலுல்லா!" என்றார். அவசரத்தில் அந்தச் சொல் நிறுவனத்துக்குப் போகாமல் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் தரையைப் பார்த்தார். ஆவுடைத்தாய் அவர் கண்ணையே பார்த்தாள். அவர் கண் அவள் நெற்றிக்கு வந்து, நீல வில்லையில் பட்டு நின்றது. அவர் கைகூப்பிவிட்டு நகர்ந்தார்.

எல்லோரும் கிணற்றைத் தேடினார்கள். ஞானப்பழம் அண்ணாச்சி கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே சந்து முழுக்க நடந்தார். அம்மனை மட்டும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனார்.

"எங்கவே தொறந்திருக்கு? எல்லாம் மூடித்தான இருக்கு" என்றார்.

மேல்முறையீட்டு அதிகாரி கூட்டத்தில்தான் நின்றார். அவர் முகம் மலர்ந்தது. "மூடியிருக்குன்னு சொல்ல ஆள் கிடைச்சாச்சு" என்று கூட வந்திருந்த கரண்டி இளைஞரிடம் சொன்னார்.

கூம்புகள் அறிவித்தன. "இந்த வாக்கியம் பொய்த் தகவல். நேரில் சரிபார்க்கப்பட்டது. சொன்னவரின் பேச்சு நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது."

கூட்டம் கலைந்ததும் அதிகாரி அவள் காதருகே குனிந்தார். அவரிடம் கூம்பு இல்லை. அதனால் வில்லைக்குப் பின்னால் இருந்த முகம் அவருக்குத் தெரிந்தது.

"அம்மா, கொஞ்சம் எந்திரிச்சுக் காட்டுனீங்கன்னா உண்மைன்னு மாத்திருவேன். உங்க பேரு கெட்டுப்போகுதேன்னு சொல்றேன்."

ஆவுடைத்தாய் சந்தைப் பார்த்தாள். கால்கள்தான் தெரிந்தன. வருகிற கால், போகிற கால். எல்லாவற்றையும்விடக் கிட்டத்தில், வார் தேய்ந்த ஒரு ஜோடிச் செருப்பு. தைத்துத் தருகிறேன் என்று அவள்தான் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் தலையை இல்லையென்று அசைத்தாள். அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு, தராசில் ஏறி உட்காரப் போய்விட்டார்.

கோமதிநாயகம் வீட்டுக்குப் போய் எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். இலவம்பஞ்சுத் தலையணை. கடையில் போட்ட மடிப்புகூடக் கலையவில்லை. அதை அம்மனின் கன்னத்துக்குக் கீழே மெதுவாகச் செருகினார். அவர் உதடு அசைந்தது. கூம்பு எப்போது சொல்லுமோ தெரியாது. ஆவுடைத்தாய் காத்திருக்கவில்லை. அந்த உதட்டை எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள். ஆவுடைக்குக் கழுத்து வலி தாயே, அவள் வந்தால் கொடு என்கிறார்.

பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் கூம்பைப் பார்த்துக்கொண்டே சந்துக்குள் ஓடிவந்தார்கள். ஆவுடைத்தாய் தலையணையில் கன்னத்தை வைத்து, விளிம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிணறு மூடித்தான் இருந்தது.